காய் என்றாலே வாயை மூடிக்கொள்ளும் 4 வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மகனுக்கு 4 வயது. ஒன்றரை வயது வரை எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டவன், இப்போது காய் கண்ணில் பட்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். பழத்தில் வாழைப்பழம் மட்டும். கெஞ்சிப் பார்த்தாச்சு, மிரட்டிப் பார்த்தாச்சு, கைப்பேசியில் கார்ட்டூன் போட்டுவிட்டு அவன் கவனிக்காத நேரத்தில் ஊட்டியாச்சு, "ரெண்டு வாய் காய் சாப்பிட்டால் சாக்லேட்" என்றும் சொல்லியாச்சு. இனி அரைத்து, தெரியாமல் கலந்து கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது அது ஒன்றுதான் என்றாலும், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு கேள்விகள் நிற்பதாக எனக்குப் படுகிறது. இது என் வளர்ப்பில் வந்த கோளாறா? இப்படியே போனால் பிள்ளைக்குச் சத்துக் குறைந்துவிடுமா? வளர்ப்பு பற்றிய கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் மனம் தெளிந்தால்தான் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் குரல் மாறும். குரல் மாறாமல் நான் சொல்லப்போகும் எதுவும் பலிக்காது.

குழந்தைகளின் உணவு ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஊட்டச்சத்தியல் படித்திருக்கிறேன், ஆனால் மருத்துவர் இல்லை. அதனால் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது என் எல்லைக்குள் வராது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடக்கும் மல்லுக்கட்டுதான் நான் தினமும் பார்ப்பது.

உங்கள் வளர்ப்பில் கோளாறு இல்லை. ஒன்றரை வயதில் எல்லாம் சாப்பிட்ட பிள்ளை இரண்டு வயதுக்கு மேல் ஒவ்வொன்றாக ஒதுக்க ஆரம்பிப்பது மிகச் சாதாரணம். அறிமுகமில்லாத உணவைக் கண்டு பின்வாங்கும் இந்தக் குணம் 2 வயதிலிருந்து 6 வயது வரை உச்சத்தில் இருக்கும், அப்புறம் மெல்லத் தணியும். தானாக நடந்து போய் கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதில், விஷச்செடியைத் தின்றுவிடாமல் பிள்ளையைக் காக்கத்தான் இயற்கை இதை வைத்தது என்று ஒரு விளக்கம் உண்டு. பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதை ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரபணுவின் பங்கு அப்படி ஊகம் இல்லை. 8 முதல் 11 வயது வரையுள்ள இரட்டைக் குழந்தைகளை வைத்து லண்டன் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், புது உணவை ஏற்பதில் பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு மரபணுவால் வருவது என்று தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே சமையலைச் சாப்பிட்டு வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று எல்லாம் தின்னும், இன்னொன்று எதையும் தொடாது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். மரபணு என்றால் மாற்றவே முடியாது என்று அர்த்தமில்லை. சில பிள்ளைகளுக்குக் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

காய் மட்டும் ஏன் இந்தப் பாடு படுகிறது என்றால், அதற்கும் காரணங்கள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கே இனிப்பு பிடிக்கும், கசப்பு பிடிக்காது. இது யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. முட்டைக்கோஸ், பிராக்கோலி, கீரை வகைகளில் கசப்புத் தரும் பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன. அந்தக் கசப்பு எல்லா நாக்கிலும் ஒரே அளவில் ஏறுவதும் இல்லை. ஒரே வேதிப்பொருள் சிலருக்குக் கடும் கசப்பாகவும் சிலருக்கு ஒன்றுமே இல்லாததாகவும் படும் என்பது 1931-இலேயே ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் கண்ட விஷயம். அதற்குப் பின்னால் இருக்கும் டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணுவை 2003-இல் அடையாளம் கண்டார்கள். ஆகவே "இதுல என்னடா கசப்பு?" என்று நீங்கள் கேட்கும்போது, உங்கள் நாக்குக்கும் அவன் நாக்குக்கும் தெரிவது ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஒரு பாக்கெட்டில் உள்ள பிஸ்கட் அத்தனையும் ஒரே மாதிரி இருக்கும். பழமும் காயும் அப்படி இல்லை. ஒரு திராட்சை இனிக்கும், அடுத்தது புளிக்கும். நேற்றைய பீன்ஸ் மெத்தென்று இருந்தது, இன்றைக்கு நார் தட்டுகிறது. எச்சரிக்கையான பிள்ளைக்கு இந்த நிச்சயமின்மையே பெரிய தொல்லை.

சரி, என்ன செய்யலாம்? இந்தத் துறையில் எனக்கு ஐயமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு: பிடிப்பது பழக்கத்தால் வருவது, அதுவும் வாயில் பட்டுப் பழகுவதால். அமெரிக்க உளவியலாளர் லியன் பர்ச் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், 2 வயதுக் குழந்தைகளுக்குப் புது உணவுகளை வெவ்வேறு எண்ணிக்கையில் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். எதை அதிகத் தடவை சுவைத்தார்களோ அதைத்தான் பிறகு விரும்பி எடுத்தார்கள். அதே குழுவினர் பின்னால் செய்த ஆய்வில், பார்ப்பது மட்டும் போதாது, சுவைத்தால்தான் அந்தச் சுவை பிடிக்க ஆரம்பிக்கும் என்பதும் தெரியவந்தது. எத்தனை தடவை என்று கேட்பீர்கள். 8 முதல் 15 தடவை என்பது ஆய்வுகளில் அடிக்கடி வரும் கணக்கு. கைக்குழந்தைக்கு அதைவிடக் குறைவாகவே போதும், உங்கள் மகன் வயதில் கூடுதலாகவும் ஆகலாம். பெரும்பாலான பெற்றோர் மூன்று, நாலு தடவையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மாறக்கூடிய இடத்தில் விட்டுவிடுகிறோம்.

இதை வீட்டில் செய்ய முடியுமா என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2003-இல் ஜேன் வார்டில் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு, பிள்ளைக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காயைத் தினமும் துளியளவு சுவைக்கக் கொடுத்தது, தொடர்ந்து 14 நாள். இன்னொரு குழுவுக்குச் சத்துணவு பற்றிய தகவலும் ஆலோசனையும் கொடுத்தார்கள். மூன்றாவது குழு வழக்கம்போல இருந்தது. தினமும் சுவைத்த பிள்ளைகளுக்குத்தான் அந்தக் காய் கூடுதலாகப் பிடித்துப்போனது, கூடுதலாகச் சாப்பிடவும் செய்தார்கள். தகவல் வாங்கிப் போன வீடுகளில் அந்த அளவு மாற்றம் இல்லை. எங்களைப் போல ஆலோசனை சொல்பவர்கள் மறக்கக்கூடாத முடிவு இது.

இதை எப்படிச் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே ஒரு காயைத் தேர்ந்தெடுங்கள். அவன் அருவருக்கும் காய் வேண்டாம், கண்டுகொள்ளாமல் ஒதுக்கும் காயாக இருக்கட்டும். கேரட்டையோ பட்டாணியையோ வைத்து ஆரம்பிப்பது சுலபம், இரண்டிலும் லேசான இனிப்பு இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் கொடுக்காதீர்கள். அந்த நேரத்துக்கு ஏற்கெனவே சண்டையின் வாசனை ஏறியிருக்கிறது. வேறொரு அமைதியான நேரத்தில், வேறொரு சின்னத் தட்டில், பட்டாணி அளவுக்கு ஒரு துண்டு. உங்களுக்கும் ஒரு துண்டு. நீங்கள் உங்களுடையதைச் சாப்பிடுங்கள், அவனிடம் "நாக்கில் தொட்டுப் பார்க்கிறாயா?" என்று ஒரு தடவை கேளுங்கள். மாட்டேன் என்றால் "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று எடுத்துவிடுங்கள். முகம் மாறக்கூடாது, பெருமூச்சும் வரக்கூடாது. பிள்ளைகள் உங்கள் வார்த்தையைவிட முகத்தைத்தான் படிக்கிறார்கள். மொத்தமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

சாப்பிடுவது என்பது பெரியவர்களுக்கு ஒரே செயல். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அது பல படிகளாக நடக்கிறது. என்னிடம் வந்த ஒரு சிறுமி, வேகவைத்து வட்டமாக நறுக்கிய கேரட் துண்டை முதலில் விரல் நுனியால் தள்ளித் தள்ளி மேசை முழுக்க ஓட்டினாள். அப்புறம் எடுத்து அழுத்திப் பார்த்தாள், முகர்ந்தாள், கன்னத்தில் ஒட்டவைத்துச் சிரித்தாள், உதட்டில் வைத்து உடனே எடுத்துவிட்டு, அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து நாக்கு நுனி பட்டது. அன்றைக்கு அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை. எனக்கோ அன்று நடந்தது பெரிய முன்னேற்றம். கடித்துவிட்டுத் துப்பினாலும் அப்படித்தான். துப்பிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லி, துப்ப ஒரு காகிதமும் பக்கத்தில் வையுங்கள். வெளியே வர வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் பிள்ளை உள்ளே விடும்.

கெஞ்சுவதும் மிரட்டுவதும் ஏன் எதிராகத் திரும்புகிறது என்பதற்கு 2006-இல் வந்த ஓர் ஆய்வு நல்ல உதாரணம். மழலையர் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது "சூப்பைக் குடித்து முடித்துவிடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், மற்றதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டபோதுதான் கூடுதலாகக் குடித்தார்கள். வற்புறுத்தியபோது அந்த சூப்பைப் பற்றிக் குறையும் நிறையச் சொன்னார்கள். மிரட்டல் எதுவும் இல்லை, மரியாதையான வேண்டுகோள்தான், அதற்கே இந்த விளைவு. "ஒரே ஒரு வாய், அம்மாவுக்காக" என்பதும் பிள்ளைக்கு அழுத்தம்தான்.

கைப்பேசியைக் காட்டி ஊட்டும்போது காய் வயிற்றுக்குள் போகிறது, உண்மை. ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் விழுங்கும் பிள்ளைக்கு அந்தச் சுவை பழகுவதில்லை என்பது என் அனுபவம். பசி எப்போது அடங்கியது என்பதும் அவனுக்குத் தெரியாமல் போகிறது. படிப்படியாக நிறுத்துங்கள். முதல் ஐந்து நிமிடம் திரை இல்லாமல் என்று ஆரம்பித்தால் போதும்.

சாக்லேட் விஷயம் கொஞ்சம் சிக்கல். "காய் சாப்பிட்டால் சாக்லேட்" என்று சொல்லும்போது, காய் என்பது கஷ்டப்பட்டுக் கடக்க வேண்டியது, சாக்லேட்தான் பரிசு என்று நாமே பாடம் நடத்துகிறோம். பரிசாகக் கொடுக்கப்படும் உணவின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பரிசே கூடாது என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2011-இல் லூசி குக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம், பிடிக்காத காயைத் துளி சுவைத்தால் ஒரு ஸ்டிக்கர், இன்னொரு குழுவுக்கு வாய்ப் பாராட்டு, மற்றொன்றுக்குச் சும்மா சுவைக்கக் கொடுப்பது என்று முயன்றார்கள். ஸ்டிக்கர் வாங்கிய பிள்ளைகளுக்கும் அந்தக் காய் பிடித்துப்போனது. 3 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அவர்கள் கூடுதலாகச் சாப்பிடும் பழக்கம் நீடித்தது. பரிசு கொடுப்பதை நிறுத்தியதும் எல்லாம் போய்விடும் என்ற பயம் அங்கே மெய்யாகவில்லை. எனவே பரிசாக உணவு வேண்டாம், ஸ்டிக்கர் இருக்கலாம், அதுவும் துளி சுவைத்ததற்கு. தட்டைக் காலி செய்ததற்கு ஒருபோதும் வேண்டாம்.

சாப்பாட்டு வேளைக்கு ஒரு விதி சொல்கிறேன். எலன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980-களில் பரப்பியது. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. உங்கள் பங்கை நீங்கள் உறுதியாகச் செய்யுங்கள்: காய் தினமும் பரிமாறப்படும், கூடவே அவன் நிச்சயம் சாப்பிடும் ஒன்றும் இருக்கும், அவனுக்கென்று தனிச் சமையல் கிடையாது. அவன் பங்கில் கை வைக்காதீர்கள். இந்த முறையை மொத்தமாக எடுத்து நீண்டகாலம் சோதித்த ஆய்வுகள் குறைவு, அதனால் இதை நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் சண்டையை நிறுத்துவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. சண்டை நின்ற பிறகுதான் மற்றதெல்லாம் ஆரம்பிக்கிறது.

இப்போது நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கு வருகிறேன். அரைத்துக் கலக்கலாமா? கலக்கலாம். 2011-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் வழக்கமான உணவுகளில் காய்களை அரைத்துச் சேர்த்தார்கள். பிள்ளைகள் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டார்கள், அவர்கள் சாப்பிட்ட காயின் அளவு கணிசமாகக் கூடியது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிய வைத்த காயைச் சாப்பிடுவது அதனால் குறையவும் இல்லை. எனவே சத்துக்காக என்றால் இது நல்ல வழி. ஆனால் காயின் உருவம், நிறம், கடிக்கும்போது வரும் உணர்வு எதுவும் இதில் பழகாது. பத்து வருடம் அரைத்துக் கொடுத்தாலும், பதினோராவது வருடம் முழுக் கேரட்டைப் பார்த்தால் அவனுக்கு அது புதுப் பொருள்தான்.

அதோடு, ஒளித்துவைப்பது வேறு, கலப்பது வேறு. உணவில் ஏற்கெனவே எச்சரிக்கையாக இருக்கும் பிள்ளை, தனக்குப் பிடித்த ஒன்றுக்குள் ஏதோ மறைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் கண்டுபிடித்தால், அந்தப் பிடித்த உணவையும் விட்டுவிடுவான். இருப்பதே நாலைந்து உணவு என்றால் அதில் ஒன்று போவது பெரிய இழப்பு. இது ஆய்வில் எண்ணிப் பார்த்த விஷயம் இல்லை, நான் பல வீடுகளில் பார்த்தது. அதனால் அரைப்பது அவன் கண் முன்னால் நடக்கட்டும். மிக்சியில் காயைப் போடுவது அவன் கையாகவே இருக்கட்டும். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அரைத்த காய் ஒரு பக்கம் சத்தைப் பார்த்துக்கொள்ளும், முன்னே சொன்ன பட்டாணியளவுத் துண்டு இன்னொரு பக்கம் பழக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

பசியையும் கவனிக்க வேண்டும். பசியில்லாத பிள்ளை பிடித்ததையே சாப்பிடாது, பிடிக்காததை எங்கே தொடும்? நாள் முழுக்கப் பாலும் பிஸ்கட்டுமாக ஏதாவது ஒன்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால், சாப்பாட்டு வேளையில் காயோடு போராடுவது வீண். இந்த வயதுக்குப் பால் நாளொன்றுக்கு அரை லிட்டரை ஒட்டி இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பசியைக் கெடுப்பதோடு இரும்புச்சத்தும் குறையக்கூடும். பழச்சாறைப் பழமாக எண்ண வேண்டாம். 4 முதல் 6 வயதுக்கு நாளொன்றுக்கு 120 முதல் 180 மில்லிக்கு மேல் சாறு கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-இல் சொன்னது. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டியதில்லை, தண்ணீர் போதும். பசி உச்சத்தில் இருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் காய்க்கு ஏற்ற நேரம். நீங்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போது "பசிக்குது" என்று வந்து நிற்பான் அல்லவா, அப்போது மேசையில் நறுக்கிய காயோ பழமோ மட்டும் இருக்கட்டும். மற்ற உணவுக்கு முன்னால் காயை வைத்தால் பிள்ளைகள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று 2010-இல் வந்த ஆய்வும் காட்டுகிறது.

சமைக்கும் முறையில் இரண்டு விஷயம். முட்டைக்கோஸ், பிராக்கோலி, காலிஃபிளவரை நெடுநேரம் வேகவைத்தால் கந்தக வாடை கூடிக்கொண்டே போகும். பிள்ளைகளுக்கு அந்த வாடையே போதும், ஓடிவிடுவார்கள். குறைவான நேரம் ஆவியில் வேகவைத்தாலோ, எண்ணெய் தடவி அடுப்பனலில் வாட்டினாலோ இனிப்பு மேலே வரும். அப்புறம், கொழகொழப்பும் கடினமும் கலந்த பதம் பல பிள்ளைகளுக்கு ஆகாது. அதே கேரட்டை மெல்லிய சீவலாகக் கொடுத்தால் நறுக்கென்று கடிப்பார்கள். தொட்டுக்கொள்ள ஏதாவது வைப்பதும் கசப்பை அதிகம் உணரும் பிள்ளைகளுக்கு உதவுகிறது. பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன்: 5 வயது வரை திராட்சையை முழுதாகக் கொடுக்கவே கூடாது, நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். பச்சைக் கேரட், ஆப்பிள் போன்ற கடினமானவற்றைக் கனத்த துண்டுகளாகக் கொடுக்காமல் சீவியோ வேகவைத்தோ கொடுங்கள். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டே வேண்டாம்.

நீங்கள் காய் சாப்பிடுகிறீர்களா என்று கேள்வியில் எழுதவில்லை. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், பக்கத்தில் இருக்கும் பெரியவர் அதே நிற உணவைச் சாப்பிட்டபோது 2 முதல் 5 வயதுப் பிள்ளைகள் புது உணவை அதிகம் ஏற்றார்கள். பெரியவர் வேறு நிற உணவைச் சாப்பிட்டால் அந்தப் பலன் இல்லை. ஆக, அவன் தட்டில் பீன்ஸ் இருந்தால் உங்கள் தட்டிலும் பீன்ஸ் இருக்க வேண்டும். "ஆகா, என்ன ருசி" என்று நடிக்க வேண்டாம், சாதாரணமாகச் சாப்பிடுங்கள். இன்னொன்று: உறவினர் வந்தால் அவன் காதுபட "இவன் காயே சாப்பிட மாட்டான்" என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளை அதைத் தன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறான். வீட்டில் மற்ற பெரியவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். ஒருவர் விட்டுக்கொடுக்க இன்னொருவர் வற்புறுத்தினால் எதுவும் நிலைக்காது.

வாழைப்பழம் பிடிக்கும் என்பது நல்ல தொடக்கம். அதை விட்டு ஒரேயடியாக ஆரஞ்சுக்குத் தாவாமல், அதே மென்மையும் இனிப்பும் உள்ள பக்கத்துப் பழத்துக்குப் போங்கள். நன்கு பழுத்த மாம்பழம், பழுத்த பேரிக்காய், தோல் நீக்கி வேகவைத்த ஆப்பிள் என்று. வாழைப்பழத் துண்டுகளின் நடுவில் புதுப் பழம் ஒரு துண்டு இருந்தால் போதும்.

சில யோசனைகளை நீங்கள் வேறெங்காவது படித்திருப்பீர்கள். செடி வளர்க்கச் சொல்வது, சமையலில் கூட்டுச் சேர்ப்பது, காயின் படங்கள் உள்ள புத்தகம் காட்டுவது, காயைக் கையால் அளைந்து விளையாடவிடுவது. இவற்றில் ஆய்வுகள் சின்னச் சின்ன நன்மை காட்டுகின்றன, கெடுதல் ஒன்றும் இல்லை, தயங்காமல் செய்யுங்கள். ஆனால் இவற்றை மட்டும் நம்ப வேண்டாம். ஆப்பிள் மேல் கார்ட்டூன் பாத்திரத்தின் படம் ஒட்டினால் பிள்ளைகள் அதிகம் எடுப்பார்கள் என்று 2012-இல் வந்து மிகப் பிரபலமான ஒரு கட்டுரை, பிழைகள் தெரியவந்ததால் 2017-இல் திரும்பப் பெறப்பட்டது. சிரிக்கும் முகம் போலக் காய் நறுக்க மணிக்கணக்கில் செலவிடுபவர்களும் உண்டு. நேரமும் ஆசையும் இருந்தால் செய்யுங்கள், செய்யவில்லையே என்று வருந்தாதீர்கள். மொத்தத்தில் இந்தத் துறையின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் பலன் உறுதியானதுதான், ஆனால் சிறியது, மெதுவாக வருவது. ஒரு மாதத்தில் ஒரு காய் அவனுக்குச் சகஜமானால் அது நல்ல வேகம்.

கடைசியாக, சத்துக் குறையுமா? உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்ன அளவு, 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்குக் காயும் பழமும் சேர்த்து நாளொன்றுக்கு 250 கிராமாவது வேண்டும் என்பது. சேர்த்துத்தான், காய் தனியாக அல்ல. ஒரு நடுத்தர வாழைப்பழத்தின் உண்ணும் பகுதியே 100 கிராமை ஒட்டி வரும். ஆகவே பழம் இரண்டு மூன்று வகையாக விரிந்து, அரைத்த காயும் கொஞ்சம் சேர்ந்தால், நீங்கள் பயப்படும் அளவுக்கு அவன் பின்தங்கி இருக்க மாட்டான். ஒரு வேளையை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள், ஒரு வாரத்தை வைத்துப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறிகளும் உண்டு. எடை ஏறாமல் நிற்பது அல்லது குறைவது. சோர்வு, வெளிறிய முகம், விடாத மலச்சிக்கல். விழுங்கும்போது அடிக்கடி புரையேறுவது, வலிக்கிறது என்று சொல்வது, உணவைப் பார்த்த மாத்திரத்தில் குமட்டுவது. ஏற்றுக்கொண்டிருந்த உணவுகள் மாதா மாதம் குறைந்துகொண்டே போவது. ஒரு வகை உணவை மொத்தமாக விட்டுவிடுவது. இவை இருந்தால் அது சாதாரண வயதுக் கோளாறு இல்லாமல் இருக்கலாம். உணவைத் தவிர்க்கும் கோளாறு என்று மருத்துவ உலகம் 2013-இலிருந்து தனிப் பெயரிட்டு அடையாளம் காணும் ஒரு நிலையே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் கடுமையான உணவுத் தேர்வு அதிகம் காணப்படுகிறது. இதற்கெல்லாம் நான் மேலே சொன்ன வீட்டு முயற்சி மட்டும் போதாது. சத்து மாத்திரையையோ டானிக்கையோ நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். இரும்புச்சத்து அளவு மீறினால் சிறு பிள்ளைக்கு ஆபத்து.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஒரு தாளில், அவன் இப்போது தயங்காமல் சாப்பிடும் எல்லா உணவையும் எழுதுங்கள், எந்தப் பதத்தில் என்பதையும் சேர்த்து. கூடவே கடந்த ஒரு வருடத்தில் எடுத்த எடை, உயரக் கணக்குகளையும் வையுங்கள். பட்டியல் இருபதுக்குக் கீழே இருந்தாலோ, எடை நின்றுபோயிருந்தாலோ, அந்தத் தாளோடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அப்படி இல்லையென்றால் எந்தக் காயில் ஆரம்பிக்கலாம் என்பதை அந்தப் பட்டியலே காட்டும். அதை இங்கேயே எழுதினால், எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.